சாய்ந்த சக்கரமும் தேய்ந்த தோளும்

தேய்ந்த டயர் ஓர் ஆவணம். கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் ஆவணமாகக் கொள்ளப் பழகிய நாம், பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்த பழைய டயரை அவ்வாறு கருதுவதில்லை. படிக்கத் தெரிந்தவர்க்கு அதிலும் செய்தி உண்டு. இரு ஓரமும் தேய்ந்து நடு எஞ்சியிருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இடையிடையே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. கையால் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரம் போலவும் உறுத்தினால், சக்கரம் தான் போகும் திசையை நோக்கி நிற்கவில்லை. உள்ளோரம் மட்டும் மழித்தாற்போல் போயிருக்க, வெளியோரத்தில் புது டயரின் வரிகள் அப்படியே இருந்தால், அச்சக்கரம் தலையை உட்புறம் சாய்த்தபடி ஓடியிருக்கிறது என்று பொருள். டயரின் இவ்வோரத்தைத் தொழில்மொழியில் 'ஷோல்டர்' என்பர், தமிழில் தோள்.

கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744, முன்னர் 208 என்னும் எண் கொண்டது, செங்கோட்டையைக் கடந்து, புளியரையில் மலையடிவாரத்தைத் தொட்டு, கோட்டைவாசல் வளைவுகளில் ஏறி, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வழியே புனலூருக்கு இறங்குகிறது. குற்றாலச் சீசன் நாள்களில் இவ்வழியே வரும் வண்டிகளுள், ஸ்பிரிங்கைக் குட்டையாக்கித் தரையோடு தரையாகப் பதித்த கார்கள் சிலவேனும் கண்ணில் படும். அவற்றைக் கண்டு வியப்பவரும் உண்டு; முகம் சுளிப்பவரும் உண்டு. நாம் இரண்டையும் விடுத்து வேறு மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வோம். ஒரு சக்கரம் எவ்வளவு சாயலாம்? அதை யார் முடிவு செய்தார்கள்? சாய்வு மிகும்போது விலை கொடுப்பவர் யார்?

உமணர் அச்சும் ஆங்கிலத் தச்சரும்

சக்கரத்தின் இலக்கணம் தமிழுக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வணிகரின் வண்டியை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறார். முழவை ஒத்த குடமும் அதில் திருத்தமாகப் பொருந்திய ஆரங்களும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. புறநானூற்று 102ஆம் பாடலில் ஔவையார், உமணர் வண்டியின் அடியில் காப்பாகக் கட்டிச் செல்லும் மாற்று அச்சைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறார். மயிலிறகேயானாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காட்டும் எடுத்துக்காட்டு. இம்மூன்று இடங்களுக்கும் அடியில் ஒரே அறிவு நிற்கிறது. சக்கரம் தனித்த பொருளன்று. சுமையோடும் வழியோடும் பிணைந்தது. சுமை மாறினால் சக்கரத்தின் நிலையும் மாறும்.

இவ்வறிவை ஒரு தொழிலாளியின் பார்வையிலிருந்து விரிவாக எழுதிவைத்தவர் இங்கிலாந்தின் சர்ரி வட்டாரத்து ஃபார்ன்ஹாமில் வண்டிப் பட்டறை நடத்திய ஜார்ஜ் ஸ்டர்ட். சக்கரத் தச்சனின் பட்டறையைப் பற்றிய அவரது நூல் 1923இல் வெளிவந்தது. அவ்வூர் வண்டிச் சக்கரங்கள் தட்டையாக இரா. உணவுத் தட்டைப் போலச் சற்றே குழிந்திருக்கும். ஏன் அப்படி என்று கேட்டால் தலைமுறைத் தச்சர்க்கும் விடை தெரியாது. செய்யத் தெரியும், அவ்வளவே. ஸ்டர்ட் அதைத் தாமே சிந்தித்துக் கண்டறிந்தார். குதிரை நடக்கையில் உடல் இடமும் வலமுமாக அசைகிறது. அவ்வசைவில் சுமை மாறி மாறிச் சக்கரக் குடங்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தட்டையான சக்கரம் அத்தள்ளலில் நெகிழ்ந்துவிடும். குழிந்த சக்கரம் தாங்கும்.

குழிந்த சக்கரத்தின் கீழ் ஆரம் நிமிர்ந்து நின்று சுமை தாங்க வேண்டுமானால் அச்சின் முனையைச் சற்றுக் கீழ்நோக்கி அமைக்க வேண்டும். அப்போது சக்கரத்தின் மேற்பகுதி வெளிப்புறம் சாயும். மோட்டார் கார் பிறந்தபோது இச்சாய்வும் வண்டியிலிருந்து அதற்குக் குடிபெயர்ந்தது. பட்டறைகளில் இன்று 'கேம்பர்' என்று சொல்லப்படுவது இதுவே. ஆக, சக்கரம் சாய்வது குற்றமன்று. எந்தச் சுமைக்காக, எந்தப் பக்கம், எவ்வளவு என்பதே கேள்வி.

வளைவு கேட்கும் கணக்கு

நேர்வழியில் எல்லாச் சக்கரமும் நல்ல சக்கரம்தான். சோதனை வளைவில் வருகிறது. வளைவின் உட்பக்கச் சக்கரம் குறைந்த தொலைவும் வெளிப்பக்கச் சக்கரம் கூடிய தொலைவும் செல்ல வேண்டும். மாட்டு வண்டிக்கு இதில் இடர் இல்லை. இரு சக்கரமும் அச்சில் தனித்தனியே சுழல்வன. ரயிலுக்கு இடர் உண்டு. அதன் இரு சக்கரங்களும் அச்சோடு இறுகப் பிணைந்தவை. அதனால் அவற்றின் உருள்பரப்பைக் கூம்பு வடிவில் சீவினர். வளைவில் இருப்புப்பாதையின் மீது சக்கர இணை சற்றே வெளிப்புறம் நகர, வெளிச்சக்கரம் பருத்த சுற்றிலும் உட்சக்கரம் சிறுத்த சுற்றிலும் உருண்டு கணக்கைச் சரிசெய்துகொள்கின்றன. அதற்கும் அடங்காத வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தோடு உரசும், இரண்டும் தேயும். 1904இல் திறக்கப்பட்ட செங்கோட்டை–கொல்லம் மீட்டர் பாதையின் மலைப்பகுதி, 2010இல் புனலூர்–செங்கோட்டைப் பிரிவு மூடப்படும் வரை அவ்வுரசலோடு வாழ்ந்தது. 2018இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்ட பின்னும் மலையின் வளைவுகள் மலையின் வளைவுகளே.

காருக்கு உரிய விடை வேறு. திரும்பும்போது உட்பக்க முன்சக்கரம் கூடுதலாகவும் வெளிப்பக்க முன்சக்கரம் குறைவாகவும் திரும்ப வேண்டும். இதைச் சார்லஸ் டார்வினின் பாட்டனாரும் மருத்துவரும் கவிஞருமான எராஸ்மஸ் டார்வின் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தம் குதிரை வண்டிக்காகச் சிந்தித்திருந்தார். பின்னர் மியூனிக் நகர வண்டிக் கலைஞர் கியார்க் லாங்கென்ஸ்பெர்கர் அதைத் தாமாகவே கண்டடைந்தார். லண்டனில் அவர் சார்பாகக் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் அக்கர்மன், ஆண்டு 1818. இந்த அக்கர்மன் ஓவிய நூல்களை அச்சிட்டு விற்ற பதிப்பாளர் என்பது இலக்கிய அன்பர்களுக்குச் சுவையான செய்தி. இன்றும் உலகின் கார்களெல்லாம் திரும்பும் இலக்கணம் ஒரு புத்தக வணிகரின் பெயரால் வழங்குகிறது.

கேம்பரோடு பிறந்த இன்னொரு கோணம் 'டோ'. முன்னிருந்து பின்னோக்கிச் செல்லும் கோட்டோடு சக்கரம் எவ்வளவு உட்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கிறது என்பது அது. நாம் நிற்கும்போது பாதங்களின் பெருவிரல்கள் உள்நோக்குவதும் வெளிநோக்குவதும் போல. சாய்ந்த சக்கரம் கூம்பு போல ஒரு பக்கமாக உருள முயலும். அதை ஈடுசெய்யவே பழைய கார்களில் சிறிதளவு டோ வைத்தனர். எனவே இக்கோணங்கள் ஒன்றையொன்று நம்பி நிற்பவை. அவை யாவும் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் வண்டி நிற்கும் என்னும் நம்பிக்கையின் மேல் அமைக்கப்பட்டவை. உயரம் கலைந்தால் மற்ற கணக்குகளும் கலைகின்றன.

வண்டலூரில் பிறந்த கார்

இவ்வுண்மையைத் தமிழ்நாடு எந்த அலங்காரக் காரிடமிருந்தும் கற்கவில்லை. குடும்பக் கார் ஒன்றிடமிருந்து கற்றது. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஆலை கொண்டிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் காரை உருவாக்கிற்று. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. அழகை வரைந்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலாட்டி. அதன் பின்சக்கரங்கள் 'ஸ்விங் ஆக்ஸில்' முறையில் அமைந்தவை. ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அரை அச்சோடு இறுகப் பிணைந்து, வண்டியின் நடுவிலுள்ள கியர்ப்பெட்டகத்தின் அருகே மடங்கும். கதவு கீலில் ஆடுவது போலச் சக்கரம் மேலும் கீழும் ஆடும்.

வண்டி வெறுமையாக நிற்கும்போது இதனால் இடரில்லை. சுமை ஏறி உடல் தாழ்ந்தால் சக்கரத்தின் தலை உட்புறம் சாய்ந்து, கால் வெளிப்புறம் அகலும். இரண்டு பேருக்கு என்று நினைத்த பின்னிருக்கையில் நான்கு பேரும், பின்பெட்டியில் படுக்கையும் பாத்திரமும் ஏற்றிச் செல்லும் நம் வழக்கத்தில், அக்கார் பெரும்பாலும் தாழ்ந்தே ஓடிற்று. யாரும் அதை வேண்டித் தாழ்த்தவில்லை, வாழ்க்கை தாழ்த்தியது. உள்ளோரம் தேய்வதற்கான சூழல் கட்டமைப்பிலேயே இருந்தது. அதே காலத்தில் ஓடிய அம்பாசிடருக்கோ பின்னால் ஒரே இறுகிய அச்சும் பட்டை ஸ்பிரிங்கும். எவ்வளவு தாழ்ந்தாலும் பின்சக்கரங்கள் சாயா.

1965இல் அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயம் ஸ்விங் ஆக்ஸில் கொண்ட ஷெவ்ரலே கார்வேர் காரைக் குற்றக்கூண்டில் ஏற்றிற்று. தமிழ்நாட்டில் நூலும் இல்லை, வழக்கும் இல்லை. ஆனால் இங்கும் ஒரு தீர்ப்பு உண்டாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் 'கெஸல்' என்னும் காரை வெளியிட்டபோது, ஹெரால்டின் பின்னமைப்பைக் கைவிட்டு இறுகிய அச்சுக்குத் திரும்பிற்று. வண்டி ஓட்டியவர்களும் மெக்கானிக்குகளும் ஸ்விங் ஆக்ஸிலை விரும்பாததே காரணம் என்பர். இதை நாம் அறிவியல் வரலாற்றின் சிறு நிகழ்ச்சியாகவேனும் பதிவுசெய்ய வேண்டும். பெயர் தெரியாத பட்டறைத் தொழிலாளர்களின் கருத்து ஓர் ஆலையின் வரைபடத்தை மாற்றியிருக்கிறது.

தாழ்தல் என்னும் குரல்

இனி, வேண்டியே தாழ்த்தியவர்களின் வரலாறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்து மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள், பழைய கார்களை வாங்கி, பின்பெட்டியில் மணல்மூட்டை ஏற்றியும் ஸ்பிரிங்கை வெட்டியும் தரையை ஒட்டித் தாழ்த்தினர். வேகமே கார் என்று வெள்ளையர் உலகம் கொண்டாடிய காலத்தில், தாழ்ந்தும் மெதுவாகவும் செல்வதையே அவர்கள் தங்கள் கம்பீரமாக்கினர். ஒதுக்கப்பட்ட சமூகம் ஒன்று, தெருவில் தன்னைப் பார்க்கச் செய்த வழி அது. கலிஃபோர்னியா அரசு 1958இல் சட்டம் போட்டது: வண்டியின் எவ்வுறுப்பும் சக்கர விளிம்பின் அடிமட்டத்திற்குக் கீழே இருக்கலாகாது. மறு ஆண்டே ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, காவலர் வரும்போது உயர்ந்தும் போனபின் தாழ்ந்தும் செல்லும் கார் தோன்றிவிட்டது. அச்சட்டம் நீக்கப்பட்டது 2024 ஜனவரி 1 முதல்தான். ஜப்பானில் இப்பழக்கம் வேறு உருக்கொண்டது. சக்கரங்களை வேண்டுமென்றே மிகையாகச் சாய்த்து, அதற்குப் 'பேய்ச் சாய்வு' என்று பொருள்படும் 'ஓனிக்யான்' என்னும் பெயரையும் சூட்டினர்.

இந்தியச் சட்டத்தின் நிலை தெளிவானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், தவறான ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளித்தது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் பகுதியாயிருந்து, பின் சென்னை மாநிலத்தோடு இணைந்த செங்கோட்டைக்கு எல்லை என்பது அன்றாடம். ஆனால் இச்சட்டத்திற்கு எல்லை இல்லை. புளியரைச் சாவடியிலும் ஆரியங்காவுச் சாவடியிலும் அது ஒன்றே.

கண்ணுக்குத் தெரியாத பாதி

காரைத் தாழ்த்தும்போது உள்ளே நடப்பதென்ன? சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க்கை, அதாவது லோயர் ஆர்ம், தன் இயல்பான கிடையிலிருந்து திரும்புகிறது. பெரும்பாலான அமைப்புகளில் சக்கரத்தின் தலை உட்புறம் சாய்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்திற்குச் செல்லும் டை ராடின் கோணமும் மாறுவதால் டோவும் கலைகிறது. இவ்விரண்டில் சாய்வுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் டயரை விரைந்து தின்பது டோ. கணக்கிட்டுப் பார்க்கலாம். சக்கரம் தான் செல்லும் கோட்டிலிருந்து ஒரே ஒரு பாகை விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் அளவுக்கு அது பக்கவாட்டில் இழுபட வேண்டும். செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்குள் 870 மீட்டர் பக்கவாட்டு இழுவை! உருளப் பிறந்த ஒன்றை உரசவைத்துக் கொண்டுசெல்வது அது. சக்கரம் சாய்ந்துமிருந்தால் அவ்வுரசல் முழுவதும் உள்தோளில் வந்து குவிகிறது.

அலைன்மென்ட் பார்த்துவிட்டால் சரியாகிவிடுமே என்று கேட்கலாம். பாதி சரியாகும். பல சிறு கார்களில் முன்சக்கரங்களின் டோவை மட்டுமே திருத்த ஆலை வழி வைத்திருக்கிறது. கேம்பரைத் திருத்தத் தனிப் போல்ட்டோ வேறு உறுப்போ வேண்டும். ஆயினும் டோவைத் திருத்துவதே தேய்வைப் பெரிதும் தணிக்கும். உயரத்தை மாற்றியபின் அலைன்மென்ட் பாராமல் ஓட்டுவது, ஒரு சொல்லை மாற்றிவிட்டு யாப்பு கெட்டதா என்று பாராமல் செய்யுளை அச்சுக்கு அனுப்புவது போன்றது.

இதில் அஞ்சத்தக்க ஒரு கூறு உண்டு. தாழ்த்திய காரில் தேயும் பகுதி எதுவோ, அதுவே பார்வைக்கு மறைந்த பகுதி. எதிரே நின்று பார்ப்பவர்க்கு வெளியோரம் புதிதாகவே தோன்றும். உள்ளோரத்தில் துணிநூல் வெளிப்பட்டிருந்தாலும் தரையில் படுத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. கார் டயரின் வரி ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. அந்த ஆழம் மழைநீரை வெளியேற்றுவதற்காக. தென்மேற்குப் பருவமழையும் குற்றாலச் சீசனும் ஒரே காலத்தவை. கணவாய்ச் சாலை அப்போது நனைந்தே கிடக்கும். நனைந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது காரைத் தாங்குவது, கண்ணுக்குத் தெரியும் நல்ல பாதி அன்று. தெரியாத வழுக்கைப் பாதி.

யாருடைய தோள்

தேய்ந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி நம்மைக் கணவாயின் மேற்குச் சரிவுக்கு அழைத்துச் செல்கிறது. திருவிதாங்கூரில் ரப்பர்த் தோட்டம் 1902இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் வேரூன்றிற்று. 1942இல் மலேயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கைப்பட்டபோது நேசநாடுகள் டயருக்குத் திண்டாடின. அமெரிக்கா டயரைப் பங்கீட்டில் வைத்தது. தேய்வைக் குறைப்பதற்கென்றே மணிக்கு 35 மைல் என்று நாடு முழுவதற்கும் வேக எல்லை வகுத்தது. பெட்ரோல் பஞ்சத்திற்குக் கரிவாயுக் கலன் கண்ட டி.வி.சுந்தரம் அய்யங்கார், பழைய டயர்களுக்குப் புதுத்தோல் போர்த்தும் ரீட்ரெடிங் ஆலையையும் தொடங்கினார். டயரின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் எண்ணப்பட்ட காலம் அது.

பின்னர் இச்சரிவில் வேறொரு வரலாறு வந்து குடியேறிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களின் மறுவாழ்வுக்காக, புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976இல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. குளத்தூப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் அதன் ரப்பர்த் தோட்டங்கள். கூடையைத் தலையில் மாட்டித் தேயிலை கிள்ளிய கைகள் இங்கே பால்வெட்டும் கத்தியைப் பிடித்தன. புலரும் முன் எழுந்து, வெயில் ஏறுமுன் ஏறத்தாழ 300 மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். பட்டையில் போடும் கீறலுக்கும் ஒரு சாய்வு உண்டு. ஒட்டுமரத்திற்கு 30 பாகை என்பது ரப்பர் வாரியத்தின் பரிந்துரை. சாய்வு பிசகினால் பால் வழிந்து வீணாகும், பட்டை பாழாகும். ஆழம் பிசகினால் மரம் புண்படும். ஒரு பாகையின் மதிப்பை அறிந்தவர்கள் மெக்கானிக்குகள் மட்டுமல்லர்.

கார் டயரில் செயற்கை ரப்பரும் உண்டு. எல்லாம் மரத்துப் பாலன்று. ஆனாலும் அதன் ஒரு பங்கு யாரோ ஒருவர் விடியலில் கோணம் பிசகாமல் கீறியதிலிருந்து வந்தது. அது பயனுக்குரிய தேய்வாகத் தேய்ந்தால் வருந்த ஒன்றுமில்லை; தேய்வதற்குத்தான் டயர். உழைப்பும் அவ்வாறே. கோணம் பார்க்காத அலட்சியத்தால், பாதி டயர் புதிதாயிருக்கையிலேயே மறுபாதி மாண்டு, முழுவதும் குப்பைக்குப் போவது வேறு. தேய்ந்த துகளும் காணாமற் போவதில்லை. டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு கூடி மாறி, மழைநீரோடு ஓடையில் இறங்கி, கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை 2020 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. கணவாய்ச் சாலையின் ஓரத்திலும் ஓடைகள் உள்ளன.

தாழ்ந்த காரைப் பழிப்பது எளிது. லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் அது ஒரு மக்களின் நிமிர்வாக இருந்தது என்பதை மறந்துவிட்டுப் பழிப்பது அநீதியும்கூட. ஆனால் சட்டம், அழகு இரண்டையும் ஒருபுறம் வைத்தாலும், மூன்றாவது ஒன்று எஞ்சுகிறது. உமணரின் மாற்று அச்சு முதல் கெஸலின் இறுகிய அச்சு வரை, சக்கரத்தைத் தொட்டவர்கள் யாவரும் சுமையையும் வழியையும் கேட்டுத்தான் அதன் நிலையை முடிவு செய்தார்கள். அக்கேள்வியைக் கேளாமல் உயரத்தை மட்டும் மாற்றுபவர், பல தலைமுறைகளின் விடையைத் துடைத்துவிட்டு வெற்றிடத்தில் ஓட்டுகிறார். அதற்கான மறுப்பை டயர் தன் உள்தோளில், நாம் குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில், ஒவ்வொரு சுற்றிலும் எழுதிக்கொண்டே போகிறது.